கூப்பிட்டால் கேட்கிற அளவுக்குப் பாட்டு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். "அம்மா, பின்பக்கம் கூரை போட்டு முடிச்சாச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் விருந்து அங்கதான். எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்னு நீங்கதான் சொல்லணும், ஸ்பீக்கர் பேக்டரியில வேலை செஞ்சவங்களாச்சே" என்று சிரித்தாய். நான் "எது வேணும்னாலும் வாங்கிக்கோப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்திருக்கும். கோபம் ஒன்றும் இல்லை. பயம்தான், இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருந்தால் அது குரலில் தெரிந்திருக்கும். நீ என்னவென்று கேட்டிருப்பாய். போனில் சொல்கிற விஷயம் இல்லை இது. நேரில் சொல்லலாம் என்றால், உன் அப்பா பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். நீ கேட்டதற்குப் பதிலும் இதில் இருக்கிறது. முதலில் நான் ஏன் பயப்படுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்தப் பதில் உனக்குக் கிழவியின் தொணதொணப்பாகத்தான் தெரியும்.

போன மாதம் ரேவதியை நம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தாயே, அன்று சாப்பிட்டுக்கொண்டே அவளிடம் ஒரு கதை சொன்னாய். "எங்க அப்பா சும்மா உக்காந்திருக்கார்னு நினைக்காத. ஒரு தீபாவளிக்கு இந்தப் போர்ச்சுல கம்பத்தைப் புடிச்சுக்கிட்டு ஒரு ஆட்டம் போட்டார் பாரு, தெருவே நின்னு பாத்துச்சு. நானும் கூட ஆடப் போனேன், அம்மா என்னை அறைஞ்சு தள்ளி விட்டுட்டாங்க. அம்மாவுக்கு ஆட்டம் பாட்டமே ஆகாது." ரேவதி சிரித்தாள். உன் அப்பாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நான் ரசம் எடுத்துவருகிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டேன். ரசம் மேஜையில்தான் இருந்தது.

தம்பி, உன் அப்பாவுக்கு ஆடத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை அவர் ஆடி நான் பார்த்ததில்லை. அன்றும் அவர் ஆடவில்லை.

நாங்கள் சுங்கை வேயில் வாடகைக்கு இருந்தபோதுதான் நீ பிறந்தாய். நான் அங்கே ரேடியோ பெட்டிகளுக்கு ஸ்பீக்கர் செய்கிற தொழிற்சாலையில் இருந்தேன். பெரிய மண்டபம், வரிசையாக விளக்குகள், ஒவ்வொரு விளக்கின் கீழும் ஒரு பெண். எனக்குக் கூம்பை ஒட்டுகிற வேலை. காகிதக் கூம்பின் விளிம்பில் பசை தடவி, நடுவில் கம்பிச்சுருள் கோணாமல் உட்கார வைக்க வேண்டும். தலைமுடி அளவு சாய்ந்தாலும் பாட்டு கரகரக்கும். கொஞ்சம் பிசகிய ஸ்பீக்கர்களைக் கம்பெனி எங்களுக்கே மலிவாகக் கொடுத்துவிடும். அப்படிச் சேர்த்து வைத்திருந்தவற்றைத்தான், கிள்ளானில் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்ததும், உன் அப்பா பலகைப் பெட்டி அடித்து அவற்றில் பொருத்தினார். அப்போது அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கூட வேலை செய்த ஒருவரிடமிருந்து பழைய ஆம்பிளிபயர் ஒன்று வந்தது. வாசல் போர்ச்சில் காருக்காக நான்கு இரும்புக் கம்பம் நட்டுத் தகரக் கூரை போட்டிருந்தோம். கார் இல்லை. "கார் வர்ற வரைக்கும் பாட்டு இருக்கட்டும்லா" என்றார். அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அது இருந்தது. நான் ஒட்டிய கூம்பு பாடுவதை நான் அதுவரை என் வீட்டில் கேட்டதில்லை.

தீபாவளியன்று காலையிலேயே பெட்டிகளைக் கம்பத்துக்கு ஒன்றாக உச்சியில் கட்டினார். ஆம்பிளிபயரைக் கம்பத்தடியில் ஒரு ஸ்டூலில் வைத்தார். ஹாலிலிருந்து கரண்டு வர வேண்டுமே, நீளமான ஒயர் இல்லை. இரண்டு ஒயரை முறுக்கி இணைத்து, கறுப்பு டேப் சுற்றி, தகரத்தின் ஓரமாகக் கொண்டுபோய், ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் கம்பத்தோடு கட்டிவிட்டார். அன்றைக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான் இருந்தது, யாரும் அதை ஆபத்து என்று பார்க்கவில்லை. காலை முழுக்க நீ அந்தக் கம்பத்தைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி விளையாடினாய். இதை எழுதும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் வீடு நிறைந்துவிட்டது. காப்பாரிலிருந்து உன் சித்தப்பா குடும்பத்தோடு வந்திருந்தார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அங்கிள், எதிர்வீட்டுச் சீனர்கள், துறைமுகத்து ஆட்கள் என்று போர்ச்சில் நாற்காலி போதவில்லை. பிறகு மழை பிடித்தது. அந்த மாதத்து மழைதான் உனக்குத் தெரியுமே, நேராகப் பெய்யாது, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கமெல்லாம் உள்ளே வரும். தகரத்தில் விழுகிற சத்தத்தில் பாட்டு கேட்கவில்லை என்று யாரோ சொல்ல, உன் அப்பா சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டார். தரையெல்லாம் தண்ணீர். செருப்பு வழுக்குகிறது என்று கழற்றி ஓரமாக விட்டார். எல்லாரும் நனையாமல் இருக்க நாற்காலிகளை உள்பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அவரும் ஒரு நாற்காலியை நகர்த்தினார். நிமிர்ந்தபோது வலது கையைக் கம்பத்தில் வைத்தார்.

நான் சிரப் தண்ணீர்க் குவளைகளைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். உன் சித்தப்பா விசிலடித்தார். "ஆடுலா அண்ணே! விடாத!" என்று யாரோ கத்தினார்கள். உன் அப்பா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தோளைக் குலுக்கிக் குலுக்கி ஆடுவதுபோலத்தான் இருந்தது. நானும் ஒரு கணம் சிரித்தேன். இந்த மனுஷன் என்றைக்கு ஆடினார் என்று நினைத்துத்தான் சிரித்தேன். அந்த நினைப்பே என்னைக் காலைப் பார்க்க வைத்தது. ஆடுகிறவனுக்குக் கால் நகரும். அவர் கால் தண்ணீரில் ஒட்டிவைத்ததுபோல் நின்றது. முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. கண் நேராக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!" என்று கத்தினேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவர் தலைக்கு மேலே நான் ஒட்டிய ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள்கூடத் திரும்பவில்லை. அப்போது நீ கேட் பக்கமிருந்து ஓடி வந்தாய். புதுச் சட்டை, வெறுங்கால், முழங்கால்வரை நனைந்திருந்தாய். சிரித்துக்கொண்டே அப்பாவின் இன்னொரு கையைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு வந்தாய்.

தட்டை எங்கே போட்டேன் என்று தெரியாது. உன் சட்டைக் காலர் என் கைக்குக் கிடைத்தது. உன்னை இழுத்துச் சுவர்ப்பக்கம் எறிந்தேன். நீ அழாமல் மறுபடியும் எழுந்து அவரை நோக்கிப் போகப் பார்த்தாய். அதனால்தான் அறைந்தேன். அந்த அறையில் நீ உட்கார்ந்துவிட்டாய். அதற்காக நான் இதுவரை உன்னிடம் வருத்தம் தெரிவித்ததில்லை, இப்போதும் தெரிவிக்கமாட்டேன். மறுபடி அப்படி நடந்தால் மறுபடியும் அறைவேன். உள்ளே ஓடினேன். மெயின் சுவிட்சு முன்வாசல் கதவுக்கு மேலே உயரத்தில் இருந்தது. சோபாவின் கைப்பிடியில் ஏறி, எட்டாமல், தாவி சுவிட்சின் பிடியை இழுத்துக்கொண்டே கீழே விழுந்தேன்.

பாட்டு நின்றது. "ஏய், கரண்டு போச்சுலா!" என்று வெளியே எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும்தான். அவ்வளவு பேர் இருந்த இடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் ஹாலில் தரையில் கிடந்தபடி, யாராவது ஏதாவது சொல்லுங்களேன் என்று காத்திருந்தேன். எழுந்துபோய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உன் சித்தப்பா "அண்ணே, அண்ணே" என்று நெஞ்சில் குத்துவது கேட்டது. ரொம்ப நேரம் குத்தினார். கடைசியில் ஒரு இருமல் வந்தது. அந்த இருமலுக்கு அப்புறம்தான் என்னால் எழுந்திருக்க முடிந்தது.

பக்கத்து வீட்டு அங்கிள்தான் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தகரத்தின் விளிம்பு ஒயரை அறுத்திருக்கிறது, மழைத்தண்ணீர் அந்த இடத்தில் இறங்கியிருக்கிறது, கூரையும் நான்கு கம்பங்களும் கரண்டு ஏறி நின்றிருக்கின்றன என்று பிறகு வந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். உன் அப்பாவின் வலது உள்ளங்கை வெந்துபோனது. இரண்டு விரல் இன்றுவரை முழுதாக மடங்காது. துறைமுகத்தில் சூடான இரும்பைத் தொட்டுவிட்டார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். மறுநாள் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது நீ கட்டிலில் தொற்றிக்கொண்டு, "ஏன்பா ஆடிக்கிட்டே விழுந்துட்டீங்க?" என்று கேட்டாய். அவர் என்னைப் பார்த்தார். "களைச்சுப் போச்சுடா" என்றார். நீ சிரித்தாய். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஆடிக் காட்டினாய். உனக்கு அது சந்தோஷமான நினைவாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நாங்கள் விட்டுவிட்டோம். அப்பா வாசலில் செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவன் என்று ஒரு பிள்ளை வளர வேண்டாம் என்று நினைத்தோம்.

ஒரே ஒருமுறை அவர் அதைப் பற்றி என்னிடம் பேசினார். கட்டுப் பிரித்த அன்று. "பாட்டு முழுசாக் கேட்டுச்சு. எல்லாரும் கைதட்டுறது தெரிஞ்சுச்சு. நீ தட்டோட வந்து நின்ன பாரு, அப்ப உன் பேரைத்தான் கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன்." "எனக்குக் கேக்கலைங்க" என்றேன். "தெரியும்" என்றார். அவ்வளவுதான். வாய் திறந்திருந்ததே தவிரக் குரல் வந்ததா, அல்லது வந்து ஸ்பீக்கர் சத்தத்தில் மூழ்கிப்போனதா, எங்கள் இருவருக்குமே தெரியாது. நான் பல வருடமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உனக்குச் சில விஷயம் புரியும். இடி இடித்தால் டிவி, வானொலி, மிக்சி எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்குவேனே, டிவியில் பந்து விளையாட்டு ஓடும்போது நடுவில் பிடுங்கிவிட்டேன் என்று நீ ஒருநாள் சாப்பிடாமல் படுத்தாயே, அது கஞ்சத்தனம் இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் நான் இரும்புக் கம்பம் இருக்கிற பக்கம் உட்காரமாட்டேன். கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர் கட்டியிருக்கிற இடத்தில் உன் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். நீ பெரிய பையனாகிக் கையை உதறிவிட்டபோதும் சட்டையின் ஓரத்தையாவது பிடித்துக்கொண்டு வந்தேன். பயம் வயதானால் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. இப்போது உன் காஜாங் வீட்டுக்குப் பின்பக்கம் கூரை, இரும்புக் கம்பம், விருந்து, மழை மாதம். நீ போனில் சொல்லிக்கொண்டே போனபோது எனக்கு ஒவ்வொன்றாக எழுந்து நின்றது.

நீ ஒரு கடையில் சில ஸ்பீக்கரைக் குறித்துவைத்து அப்பாவைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருந்தாயாமே. போனை வைத்த மறுநாள் அவரிடம், "அவன் பாக்கச் சொன்ன ஸ்பீக்கரை நானும் வந்து பாக்கறேன்" என்றேன். அவருக்கு ஆச்சரியம். பிரிக்பீல்ட்ஸில் நீ சொன்ன அந்தக் கடைக்குப் போனோம். நீ குறித்துவைத்திருந்தவை என் இடுப்பு உயரத்துக்கு நின்றன. கடைக்காரர் பாட்டைப் போட்டுத் திருகினார். கண்ணாடி அதிர்ந்தது. "ஆன்டி, இது ஒரு ஜோடி போதும், பக்கத்து தாமான் வீடுகளுக்கெல்லாம் கேக்கும்" என்றார்.

"பக்கத்து தாமானுக்கு எதுக்குப்பா?" என்றேன். பிறகு உன் அப்பாவிடம், "கடை பின்னால போய் நில்லுங்க. அங்கேருந்து என்னைக் கூப்பிடுங்க" என்றேன்.

அவர் போகவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். எதற்குச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த மூலைக்குப் போய்த் திரும்பி நின்றார். அவர் வாய் அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைக்காரரின் கையைத் தள்ளிவிட்டு நானே சத்தத்தைக் குறைத்தேன்.   அதன்பிறகு சுவரில் மாட்டியிருந்த சின்னப் பெட்டிகளைப் போடச் சொன்னேன். கடையின் நான்கு மூலையிலும் ஒவ்வொன்று இருந்தது. பாட்டு எங்கும் ஒரே அளவாக, மென்மையாக, பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல் வந்தது. உன் அப்பா மறுபடியும் கூப்பிட்டார், சாதாரணக் குரலில்தான். கேட்டது. "என்னங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார்.

ஆகவே தம்பி, அந்தப் பெரிய ஜோடி வேண்டாம். இரண்டு பெரியவை ஒரு பக்கமிருந்து கத்தினால் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குக் காது வலிக்கும், தூரத்தில் இருப்பவனுக்குக் கேட்காது, உடனே யாராவது எழுந்து இன்னும் திருகுவான். சின்னவை நான்கு வாங்கி, ஆட்கள் உட்காரும் இடத்தைச் சுற்றி உள்பக்கம் பார்த்தபடி வை. வேலை பார்த்தவள் என்ற முறையில் இன்னும் சொல்கிறேன். கூம்பு காகிதமாக இருந்தால் நம் ஊர் ஈரத்தில் ஊறிச் சொதசொதத்துவிடும், பிளாஸ்டிக் கூம்பா என்று கேள். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பராக இருக்கட்டும். பஞ்சுபோல் இருப்பதை விரலால் தொட்டாலே தெரியும், அது சில வருடத்தில் உதிர்ந்துவிடும். பெட்டியும் முன்வலையும் துருப்பிடிக்காததாக இருக்கட்டும். முகம் கொஞ்சம் கீழே சாய்ந்திருந்தால் சாரல் உள்ளே தேங்காது. கூரை இருக்கிறதே என்று நினைக்காதே, மழைக்கு அது தெரியாது.

பெட்டி எதுவானாலும் கம்பத்தில் கட்டாதே. வீட்டுச் சுவரில் மாட்டு. எதிர்ப்பக்கம் சுவர் இல்லாத இடத்துக்கு மரச்சட்டம் அடித்துக்கொள். ஆம்பிளிபயர் ஹாலுக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே போவது ஸ்பீக்கருக்கான மெல்லிய ஒயர் மட்டும், அதுவும் பிளாஸ்டிக் குழாய்க்குள். நடுவில் முறுக்கி ஒட்டு வேண்டாம், நீளம் போதாவிட்டால் புதிதாக வாங்கு. வீட்டுக் கரண்டு அந்தக் கூரைக்குக் கீழே வரவே கூடாது. வந்தே ஆக வேண்டுமென்றால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வந்து செய்யட்டும். கரண்டு கசிந்தால் தானாக அணைந்துபோகிற சுவிட்சு உன் புது வீட்டில் இருக்கும். அதில் சோதித்துப் பார்க்க ஒரு பொத்தான் உண்டு. ரேவதியும் நீயும் சேர்ந்து அதை அழுத்திப் பாருங்கள். வீடு இருட்டாக வேண்டும். ஆகவில்லை என்றால் அன்றைக்கு எலக்ட்ரீஷியன் வரும்வரை அந்த வீட்டில் தூங்காதே.

இன்னொன்று. சனிக்கிழமை உன் அப்பா ஸ்பீக்கர் மாட்ட ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவார். டிரில் மிஷினை எண்ணெய் போட்டுத் துடைத்து வாசலில் வைத்துவிட்டார். அவருக்குப் பயம் இல்லை. எப்படி இல்லாமல் போனது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. "ஒண்ணும் ஆகாதுலா" என்கிறார், அன்றைக்குப் "பாட்டு இருக்கட்டும்லா" என்று சொன்ன அதே குரலில். அவரை ஏற விடாதே. விரல் மடங்காத கை ஏணியைப் பிடிக்காது என்று சொல்லாதே, மனசு உடைந்துவிடும். கீழே உட்கார்ந்து எது எங்கே என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேள். அந்த வேலையை அவர் நன்றாகச் செய்வார். இந்தக் கடிதம் வந்ததையும் அவரிடம் காட்டிக்கொள்ள வேண்டாம்.

விருந்துக்கு நான் வருவேன். வராமல் இருந்தால் இன்னும் பயமாக இருக்கும். ஆனால் என்னை வெளியே வந்து உட்காரச் சொல்லி யாரையும் அனுப்பாதே. ஹாலில், மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில், எனக்கு ஒரு நாற்காலி போட்டுவை. சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்து கொடு. உறவுக்காரர்கள் கேட்டால் அம்மாவுக்குக் கால் வலி என்று சொல்லிக்கொள். ரேவதி கேட்டால் மட்டும் உண்மையைச் சொல். அந்த வீட்டில் இனி உன்னோடு இருக்கப்போகிறவள் அவள். நான் ஊருக்குக் கிளம்பும்போது நாற்காலியில் ஏறாமல் அவளுக்கு அந்தச் சுவிட்சு எட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

அம்மா